அத்தியாயம் 7: குறட்டை விடுபவருக்கு பைபாஸ் - இதயத் துடிப்பு தடுமாறாமல் காப்பது எப்படி?

ஆஞ்சியோகிராம் முடிந்து, "மூணு இடத்துல அடைப்பு, பைபாஸ்தான் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகள் எல்லோருக்கும் பொதுவானவை. எந்த ஆஸ்பத்திரி? எந்த சர்ஜன்? எவ்வளவு ஆகும்? இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும்? மயிலாப்பூரானாலும் தி.நகரானாலும் அடையாறானாலும் இந்த நான்கோடு பேச்சு முடிந்துவிடும். ஐந்தாவதாகக் கேட்கவேண்டிய ஒன்று உண்டு: "இவர் தூங்கும்போது மூச்சு ஒழுங்காக வருகிறதா?"

அந்தக் கேள்விக்கு விடை நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். எனவே இந்த அத்தியாயத்தை நோயாளி மட்டும் படித்தால் போதாது. மனைவியோ கணவரோ மகனோ மகளோ, யார் அந்தக் குறட்டையைக் கேட்கிறார்களோ அவர்களும் படிக்கவேண்டும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தும் வரும் தொல்லை

1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். அன்று அது செய்தித்தாளுக்கான அதிசயம். இன்று சென்னையில் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் அன்றாட வேலை. மயக்க மருந்து, தையல், ஐசியு கவனிப்பு எல்லாம் இந்த அரை நூற்றாண்டில் வெகுவாக மேம்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு தொல்லை மட்டும் உலகம் முழுவதும் பிடிவாதமாகக் குறையாமல் நிற்கிறது. அதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக 'ஏஎஃப்' என்பார்கள்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கத் தொடங்குவதே ஏஎஃப். அந்த நேரத்தில் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் கிளம்பும். அத்தனையும் கீழறைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. போவதும் ஒழுங்கில்லாமல் போகும். எனவே நாடி வேகமாகவும் தாறுமாறாகவும் அடிக்கும்.

பைபாஸ் செய்துகொள்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு அறுவையில் இன்னும் அதிகம். வால்வும் பைபாஸும் சேர்ந்தால் ஏறக்குறைய இருவரில் ஒருவரைக்கூடத் தொடும். பெரும்பாலும் அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்து, இட்லி சாப்பிட்டு, "இனி பயமில்லை" என்று வீட்டார் மூச்சு விடும் அதே நேரம்.

துடிக்கும் இதயத்திலேயே செய்யப்படும் பைபாஸ் நம் நாட்டில் அதிகம். அப்படிச் செய்தால் ஏஎஃப் வராது என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை.

பலருக்கு இது சில மணி நேரத்திலோ சில நாளிலோ அடங்கிவிடும். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலோருக்கு நாடி பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் பயந்து நடுங்க வேண்டியதில்லை. அலட்சியமும் கூடாது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கினால் கட்டியாக உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்த அழுத்தம் சரியலாம், ஆஸ்பத்திரி வாசம் நீளலாம், பில்லும் நீளும்.

குறட்டைக்கும் மேலறைக்கும் என்ன தொடர்பு?

எல்லாக் குறட்டையும் நோயல்ல. உரக்க வந்துகொண்டிருந்த குறட்டை திடீரென்று நின்று, பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேல் சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு வந்தால் அதுதான் ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத்தடை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுவதால் வருவது. மணிக்கு 5 முதல் 15 முறை மூச்சு தடைபட்டால் லேசானது, 15 முதல் 30 என்றால் நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமையானது என்று வகுத்திருக்கிறார்கள்.

மூச்சுப்பாதை அடைத்திருக்கும்போது நெஞ்சு சும்மா இருப்பதில்லை. வழுக்கை அடைத்துக்கொண்ட ஸ்ட்ராவில் இளநீரை இழுப்பதுபோல் மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பில் நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள் அந்த இழுப்புக்கு விரிந்து கொடுக்கின்றன. அதே சமயம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடுகிறது. மூளை பதறி எழுப்பிவிட, அட்ரினலின் பாய்கிறது. நாடியும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. ஒரே இரவில் இது நூறு முறைக்கு மேலும் நடக்கலாம். ஜெர்மனியில் பன்றிகளை வைத்துச் செய்த சோதனைகளில், மூச்சுக்குழாயை அடைத்து உள்ளழுத்தத்தை இறக்கியபோது ஏஎஃப் எளிதில் கிளம்புவதைக் கண்டார்கள்.

ஆண்டுக்கணக்கில் இப்படி இழுபட்ட மேலறை, அறுவைக்கு முன்பே களைத்துப்போயிருக்கும். அதன்மேல் அறுவையின் வீக்கமும், இதயத்தைச் சுற்றித் தேங்கும் ரத்தமும், வலியும், தூக்கமின்மையும் சேர்கின்றன. ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு அறுவைக்குப் பிந்தைய ஏஎஃப் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

வீட்டிலேயே கேட்டுக்கொள்ள எட்டுக் கேள்விகள்

கனடாவின் டொராண்டோவில் மயக்கவியல் டாக்டர் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியல். இன்று உலகெங்கும் அறுவைக்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு 'ஆம்' என்ற பதிலுக்கும் ஒரு மதிப்பெண்.

1. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டை வருமா?
2. பகலில் அசதி, தூக்கக் கலக்கம் உண்டா?
3. தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?
4. ரத்தக் கொதிப்பு உண்டா, அல்லது அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாரா?
5. உடல் நிறை குறியீடு, அதாவது பிஎம்ஐ, 35க்கு மேலா?
6. வயது 50க்கு மேலா?
7. கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா?
8. ஆணா?

இரண்டு வரை என்றால் வாய்ப்பு குறைவு. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் அதிகம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய, பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஆண் என்றாலே குறட்டை விடாமலே மூன்று மதிப்பெண் வந்துவிடும். நம் ஊரில் பைபாஸுக்குப் படுப்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான். எனவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். குறட்டை, மூச்சு நிற்பது, கழுத்தளவு மூன்றையும் தனியாகக் கவனியுங்கள். ஐந்தாவது கேள்வியில் 'இல்லை' என்று வந்தால் நிம்மதி அடையவும் வேண்டாம். நம்மவர்களுக்குத் தொப்பையும் கழுத்துக் கொழுப்பும் மிகுந்து, 35ஐ எட்டாத பிஎம்ஐயிலேயே மூச்சுத்தடை வருவது சகஜம். பெண்களும் எட்டாவது கேள்வியைச் சாக்காக வைத்துத் தப்பிக்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இது கூடுகிறது. "பொம்பளை குறட்டை விடறதாவது" என்ற கூச்சத்தில் வெளியே வராமல் போகிறது.

பகல் தூக்கம் என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசருவது அல்ல. சபாவில் ஆர்வமாக உட்கார்ந்தவர் ராகம் தொடங்கியதுமே தலை தொங்குவது, சிக்னலில் நிற்கும் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் சொருகுவது, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழறித் தூங்குவது, இவைதான் அடையாளம். காலையில் எழும்போது தலைவலி, வாய் வறட்சி, இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் இரண்டு நிமிடக் குறட்டை வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. "நான் குறட்டையே விடறதில்லை" என்று சாதிப்பவரிடம் வாதாடவேண்டிய அவசியம் இருக்காது. டாக்டருக்கும் ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன்: கையில் இருக்கும் நாட்கள்

உங்கள் பைபாஸ் அவசரமா, திட்டமிட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இடது பிரதானக் குழாயில் கடும் அடைப்பு, ஓயாத நெஞ்சுவலி போன்ற நிலையில், தூக்கத்தில் மூச்சை அளந்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடிக்காக அறுவையைத் தள்ளிப் போடக்கூடாது. அப்போது மூச்சுத்தடை இருப்பதாகவே வைத்துக்கொண்டு மயக்க டாக்டரும் ஐசியு குழுவும் முன்னெச்சரிக்கையோடு நடத்துவார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவையானது நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியம்தான்.

இரண்டு மூன்று வார அவகாசம் இருந்தால் இவற்றைச் செய்யலாம்.

*ஸ்லீப் ஸ்டடி.* ஆஸ்பத்திரியில் ஓரிரவு தங்கிச் செய்வது ஒரு வகை. வீட்டிலேயே விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை மாட்டிக்கொண்டு தூங்குவது இன்னொரு வகை. நுரையீரல் டாக்டர், காதுமூக்குதொண்டை டாக்டர், தூக்க மருத்துவ நிபுணர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

*சிபேப் பழக்கம்.* நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடைக்குச் சிபேப் என்ற கருவியைப் பரிந்துரைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981இல் அறிமுகப்படுத்தியது. மூக்கில் ஒரு மாஸ்க் வழியாக மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, தொண்டை மூடிக்கொள்ளாமல் திறந்தே வைக்கும். முதல் சில இரவுகள் எரிச்சலாகத்தான் இருக்கும். அறுவை முடிந்து வலியோடு இருக்கும்போது முதல்முறை மாஸ்க் போட்டால் யாருக்கும் பழகாது. அதனால்தான் முன்பே பழகவேண்டும். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள், பிறகு இரவில் போடுங்கள். உடனே விலைக்கு வாங்கவேண்டும் என்பதில்லை. சென்னையில் மாத வாடகைக்கும் கிடைக்கிறது. மாஸ்க் மட்டும் உங்கள் முக அளவுக்குச் சொந்தமாக வாங்குங்கள்.

*மாத்திரைகள்.* மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர் "நாளைக்கு ஆபரேஷன், இன்னிக்கு மாத்திரை எதுக்கு?" என்று தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்துவது ஏஎஃப் வரும் வாய்ப்பைக் கூட்டும். எது தொடரவேண்டும், எது நிறுத்தவேண்டும் என்று மாத்திரைப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு, தாளில் எழுதி வாங்குங்கள்.

*தூக்க மாத்திரை.* ஆல்ப்ரசோலம் இல்லாமல் தூங்காத பெரியவர்கள் நம் பகுதியில் ஏராளம். அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், பதற்றம் வரும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

*மதுவும் புகையும்.* மது தொண்டையையும் தளர்த்தும், மேலறையையும் தூண்டும். புகை, மூச்சுப்பாதையை வீங்கவைக்கும். தேதி குறித்த நாளிலிருந்து இரண்டும் வேண்டாம், பின்னரும் வேண்டாம்.

*உப்பு.* காலில் வீக்கம் உள்ளவருக்குப் பகலெல்லாம் காலில் தங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை இன்னும் குறுக்கும். ஊறுகாய், அப்பளம், வத்தல், கடைச் சிப்ஸ் இவற்றை விட்டால் இரண்டு நோய்க்கும் நல்லது.

மயக்க டாக்டரிடம் சொல்லவேண்டிய வாக்கியம்

சர்ஜனைச் சந்திக்கும் ஐந்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். எனவே இதை எழுதி வைத்துக்கொண்டு மயக்க டாக்டர் பார்க்க வரும்போது சொல்லுங்கள்:

"டாக்டர், இவருக்குக் குறட்டை அதிகம். நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்துக்கறதை நான் பார்த்திருக்கேன். ஸ்லீப் ஸ்டடி பண்ணியிருக்கு / பண்ணலை. சிபேப் வெச்சிருக்கோம் / இல்லை. ராத்திரி இந்த மாத்திரை போட்டுக்கறார்."

ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டும் சிபேப் அழுத்த அளவு எழுதிய தாளும் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். சிபேப் கருவியை மாஸ்க்கோடு, பெயரும் படுக்கை எண்ணும் எழுதிய பையில் எடுத்துச் செல்லுங்கள். ஐசியுவில் சொந்தக் கருவியை அனுமதிப்பார்களா, அல்லது அவர்களிடமே இருக்கிறதா என்று சேரும் நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சர்ஜனிடம் இரண்டு கேள்விகள்:

"ஏஎஃப் வராம இருக்க முன்னாடியே மருந்து கொடுப்பீங்களா?" பீட்டா பிளாக்கரைத்தான் முதல் தற்காப்பாக உலக வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அமியோடரோன் என்ற மருந்தும் உண்டு. கனடாவில் 601 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அமியோடரோன் எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 30 சதவீதத்தினருக்கும் துடிப்புக் கோளாறு வந்தது. தைராய்டு, நுரையீரல், குறைந்த நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் இதைத் தருவார்கள்.

"இதய உறையில பின்பக்கம் வடிகால் வைப்பீங்களா?" இதயத்தைச் சுற்றித் தேங்கும் ரத்தமும் நீரும் மேலறையை உறுத்துகின்றன. உறையின் பின்புறம் இடது பக்கமாக ஒரு சிறு கீறல் போட்டால் அது நெஞ்சறைக்குள் வடிந்து, குழாய் வழியே வெளியேறும். நியூயார்க்கில் 420 பேரிடம் செய்து 2021இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில் ஏஎஃப் 32 சதவீதத்திலிருந்து 17 ஆக இறங்கியது. எல்லோருக்கும் பொருந்தும் என்பதில்லை. கேட்பதில் தவறில்லை, முடிவு சர்ஜனுடையது.

ஆஸ்பத்திரியில் முதல் ஐந்து இரவுகள்

செயற்கை மூச்சுக்குழாயை எடுத்த பின்னர்தான் ஸ்லீப் ஆப்னியாக்காரருக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. மயக்கத்தின் மிச்சம், வலி மருந்து, மல்லாந்த படுக்கை எல்லாம் சேர்ந்து தொண்டையை அடைக்கும். இந்த இரவுகளில் கவனிக்கவேண்டியவை:

படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும். நர்ஸிடம் கேட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பது வீரம் அல்ல. வலியும் அட்ரினலினைக் கூட்டும். அதே சமயம் மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் வகை மருந்துகள் மூச்சை மந்தமாக்கும். பாராசிட்டமாலை அடிப்படையாக வைத்து, தேவைக்கு மட்டும் மற்றதைக் கொடுக்கமுடியுமா, மரத்துப்போகும் ஊசி உண்டா என்று கேளுங்கள். "தூக்கமே வரலை, ஒரு மாத்திரை கொடுங்க" என்று நர்ஸை நச்சரிக்காதீர்கள்.

ஆக்சிஜன் மாஸ்க் வேறு, சிபேப் வேறு. ஆக்சிஜன், விரல் கருவியில் எண்ணைக் கூட்டிக் காட்டும். அடைத்த தொண்டையைத் திறக்காது. பகலில் கண் அசந்தாலும் சிபேப் போட்டுக்கொள்வது நல்லது, டாக்டர் அனுமதித்தால்.

இளநீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தடுமாறும் என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு வார்டுக்கு இளநீரும் வாழைப்பழமுமாக உறவினர்கள் படையெடுப்பார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சுமார் 1,700 பைபாஸ் நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், பொட்டாசியத்தை 4.5க்கு மேல் ஏற்றி வைத்தவர்களுக்கும், 3.6க்குக் கீழ் போனால் மட்டும் ஈடுகட்டியவர்களுக்கும் ஏஎஃபில் வித்தியாசமே இல்லை. சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர், பொட்டாசியத்தைத் தேக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் இளநீரை அதிகம் குடித்தால் ஆபத்து. டாக்டர் சொன்னால் குடியுங்கள்.

மூன்றாம் நாள் வார்டில் இருக்கும்போது "படபடன்னு வருது", "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளற மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால், பயத்தால் வருவது என்று தட்டிக்கழிக்காமல் உடனே நர்ஸை அழைத்து ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். சிலருக்கு எந்த உணர்வுமே இருக்காது. வெறும் களைப்பாகத்தான் தெரியும்.

சிபேப் போட்டால் ஏஎஃப் வரவே வராதா?

நேர்மையாகச் சொல்லவேண்டும்: அப்படி உறுதி சொல்லமுடியாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி கொடுத்து ஏஎஃபைச் சரிசெய்த பிறகு, மூச்சுத்தடைக்குச் சிகிச்சை எடுக்காதவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் ஏஎஃப் திரும்பியது; சிபேப் போட்டவர்களில் 42 சதவீதம்தான். இது பலருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் 2021இல் நார்வேயில் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், ஐந்து மாதம் சிபேப் போட்டும் ஏஎஃப் குறையவில்லை. இரண்டுமே பைபாஸ் நோயாளிகளை மட்டும் வைத்துச் செய்யப்பட்டவையும் அல்ல.

பிறகு ஏன் சிபேப்? அறுவைக்குப் பிந்தைய இரவுகளில் ஆக்சிஜன் சரியாமல், மூச்சு நிற்காமல் காப்பது அது. அந்தப் பயனே போதுமான காரணம். ஏஎஃபுக்கு எதிரான காப்பு, பீட்டா பிளாக்கரை விடாமல் சாப்பிடுவதில் தொடங்குகிறது. மீன் எண்ணெய் மாத்திரையும், அறுவைக்கு முன் அவசரமாகத் தொடங்கும் ஸ்டாட்டினும் ஏஎஃபைத் தடுப்பதில்லை என்று பெரிய ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது. கொலஸ்ட்ராலுக்காக ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டாட்டினை அதற்காக நிறுத்தவேண்டாம்.

வீடு திரும்பிய பின் ஆறு வாரம்

*படுக்கை.* அறுத்து இணைத்த மார்பெலும்பு சேரும்வரை மல்லாந்துதான் படுக்கச் சொல்வார்கள். மூச்சுத்தடைக்கு மிக மோசமான நிலையும் அதுதான். இந்த முரணுக்குத் தீர்வு தலைமாட்டை உயர்த்துவது. கட்டிலின் தலைப்பக்கத்துக்குக் கீழே உறுதியான கட்டை கொடுக்கலாம், சாய்வான தலையணை வாங்கலாம், உயர்த்தித் தாழ்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுக்கலாம். பழைய வீடுகளில் இருக்கும் துணிச் சாய்வு நாற்காலி வேண்டாம். அதிலிருந்து எழ இரு கைகளையும் ஊன்றவேண்டும்; சேராத மார்பெலும்புக்கு அது கேடு. எப்போது ஒருக்களித்துப் படுக்கலாம் என்று சர்ஜனிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்ததும் ஒருக்களிப்பே நல்லது.

*சிபேப் பராமரிப்பு.* ஈரமூட்டும் தொட்டியில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் ஊற்றினால் உப்புப் படியும். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் நீர் கூடாது. கடற்கரை ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். தொட்டியைத் தினமும் கழுவிக் காயவையுங்கள். மாஸ்க்கைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். வடிகட்டியை மாற்றும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பில் அந்தப் பிளக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*நாடி.* காலை, மாலை இரு வேளையும் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு ஒழுங்கையும் பாருங்கள். எப்போதாவது ஒரு துடிப்பு தவறினால் கவலையில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் உடனே ஈசிஜி. வீட்டு பிபி மெஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி வந்தாலும், ஸ்மார்ட் வாட்ச் எச்சரித்தாலும் அது தீர்ப்பல்ல. ஈசிஜி எடுக்கவேண்டும் என்ற நினைவூட்டல்.

*எடை.* தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். டாக்டருக்குச் சொல்லுங்கள்.

*நடை.* தெருவின் வெயிலில் வேண்டாம். விடியற்காலையில் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவோ, தி.நகர் நடேசன் பூங்காவோ, பெசன்ட் நகர் கடற்கரையோ பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே, டாக்டர் சொன்ன தூரம். பேசிக்கொண்டே நடக்கமுடியும் வேகம் போதும். சர்ஜன் அனுமதிக்கும்வரை ஸ்கூட்டரும் ஷேர் ஆட்டோவின் குலுக்கலும் கூடாது.

*காபி.* காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியை நிறுத்தவேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம்; அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஏஎஃப் வந்துவிட்டால்

வந்தவர்களுக்கு நாடியைக் கட்டுப்படுத்தும் மருந்தோடு, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போன்ற மாத்திரையும் தரக்கூடும். பொதுவாக 60 நாளாவது தொடர்ந்து, பிறகு மறுபரிசீலனை செய்வார்கள். நாடி சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அசிட்ரோம் சாப்பிடுபவர் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. கீரையை அடியோடு விலக்கவேண்டாம்; முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ வாரத்துக்கு ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். நாட்டு மருந்துக்கடைச் சூரணம் எடுத்தால் அதையும் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் 108க்கு அழையுங்கள்:

- நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல்
- ஓய்வாக இருக்கும்போதே நாடி 120க்கு மேல் போய் அடங்காமல் இருப்பது
- வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே
- தூக்கத்திலிருந்து எழுப்பினால் எழாமல் மந்தமாக இருப்பது

செலவுக்கு வழி

ஆண்டுக் குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. பைபாஸ் அதில் அடங்கும். அண்ணா சாலை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், 2023இல் கிண்டியில் தொடங்கிய கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் நம் பகுதிக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஸ்லீப் ஸ்டடிக்கும் சிபேப் கருவிக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசி எண்ணோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

முடிவாக

குறட்டை கேலிக்கான பொருளாகவே நம் வீடுகளில் இருந்துவருகிறது. இதய அறுவைக்குப் போகும் வீட்டில் அது ஒரு மருத்துவத் தகவல். சர்க்கரை அளவைப் போல, பிரஷர் அளவைப் போல ஃபைலில் எழுதப்படவேண்டிய தகவல். அதை டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.